உதைக் கணக்கு

மெக்கானிக் கடை வாசலுக்குப் போனதும் தானாகச் சரியாகிவிடுகிற கோளாறை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அப்பாவின் ஹீரோ ஹோண்டா சிடி 100-க்கு வந்தது அப்படியொரு கோளாறு. கொல்லிமலையில், பனிக்காலத்தில், விடிகாலை ஐந்தரை மணிக்கு அது ஸ்டார்ட் ஆகாது. பத்து உதை, பதினான்கு உதை, சில நாள் இருபது. ஒருமுறை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு முழுக்க ஒரே உதைதான். சோளக்காட்டில் டீ குடித்துவிட்டு வந்து உதைத்தாலும் ஒன்று, மதியம் மூன்று மணி நேரம் வாசல் வெயிலில் நின்ற பிறகு உதைத்தாலும் ஒன்று.

மெக்கானிக்கிடம் காட்ட நாமக்கல் போகவேண்டும். செம்மேட்டிலிருந்து சோளக்காடு, அங்கிருந்து காரவள்ளி அடிவாரம் வரை எழுபது கொண்டை ஊசி வளைவு, பிறகு காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் என்று ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர். எந்தத் தெருவில் நின்று "ஸ்பேனர்" என்று கத்தினாலும் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் வண்டி அங்கே போய்ச் சேரும்போது எஞ்சின் மேல் தோசை ஊற்றலாம். மெக்கானிக் அண்ணன் கிக்கரில் காலை வைத்ததும் ஓடும்.

"வாத்தியாருங்க, வண்டி தங்கமாட்ட இருக்குது. உங்க காலுக்குத்தான் வயசாயிருச்சு போலங்க."

அப்பா மூன்று முறை போனார். மூன்று முறையும் பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒருமுறை வண்டியை ராத்திரி கடையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் மேலே வந்தார். மறுநாள் காலையில் போன் வந்தது: "ரெண்டே உதைங்க, ஓடிருச்சு." ஓடத்தான் செய்யும். நாமக்கல்லின் குளிர் கொல்லிமலைக்காரர்களுக்கு விசிறி தேடுகிற குளிர்.

மென்பொருள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகின சங்கதி. வாடிக்கையாளரிடம் உடைகிற நிரல், எழுதியவனின் மேசையில் சமர்த்தாக ஓடும். "என் மெஷின்ல ஓடுதே" என்பது எங்கள் தொழிலின் பழமொழி, சாக்கு, கெட்ட வார்த்தை எல்லாமே. இதில் ஒரு வேடிக்கை, பெங்களூருவில் நான் நான்கு வருடமாகச் சம்பளம் வாங்குவதே 'கோல்ட் ஸ்டார்ட்' என்கிற பிரச்சினைக்குத்தான். யாரும் கூப்பிடாமல் தூங்கிக் கிடக்கும் நிரலை முதல் ஆள் கூப்பிடும்போது அது எழுந்து சோம்பல் முறிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். எங்களிடம் அதற்கு ஒரு மட்டமான தீர்வு உண்டு: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சும்மா கூப்பிட்டு எழுப்பிவிட்டுக்கொண்டே இருப்பது. அப்பாவிடம் சொன்னேன். "ராத்திரி பூரா நீ உக்காந்து உதைக்கிறியா?" என்றார்.

அப்பா அறிவியல் ஆசிரியர். வேலையின் கடைசிப் பதினோரு வருடம் மலையில் அரசுப் பள்ளி. அம்மா போன பிறகு ஓய்வு பெற்றார், கீழே இறங்கவில்லை. அறுபத்தேழு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தாயிற்று. அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீடு ஒரு மலையாளிக் குடும்பம். மலையாளி என்றால் கேரளம் இல்லை, மலையை ஆளும் இந்தப் பழங்குடிகளுக்கே அந்தப் பெயர். அந்த வீட்டுப் பெண் கீழே கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். செம்மேட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் வகுப்பு. ஊரிலிருந்து செம்மேடு வரை அப்பாவின் வண்டி. அதற்குத்தான் அந்த ஐந்தரை மணி.

வண்டிக்கு அப்பா வைத்திருக்கும் பெயர் ஓரி. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பதைச் சிறுபாணாற்றுப்படையிலிருந்து தெரிந்துகொள்கிறோம். எதிரி காரியின் குதிரை காரி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஆளுக்கும் வண்டிக்கும் வேறு வேறு பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை போல.

டிசம்பரில் அக்கா ஈரோட்டிலிருந்து போன் செய்தாள். "நெஞ்சுல கம்பி வெச்ச மனுசன் பனியில நின்னு இருவது உதை உதைக்கிறாரு. நீ போயி வண்டியை வித்துட்டு அவரைக் கூட்டிக்கிட்டு வா." அவள் சொன்னதில் தப்பில்லை. குளிர் பட்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், இதயம் கூடுதலாக உழைக்கும், அதற்குமேல் திடீரென்று இழுத்துப்பிடித்து ஒரு வேலை செய்வது வேண்டாத வினை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் யாரும் வெளியே சொல்லவில்லை. வண்டி போனால் செம்மேடு இல்லை, சந்தை இல்லை, அந்தப் பெண்ணின் முதல் பஸ் இல்லை. இவை இல்லையென்றால் அப்பாவுக்கு மலை இல்லை. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் அங்கிருந்தே வேலை செய்வதாகச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். விற்பதா, சரிசெய்வதா என்று பஸ்ஸில் முடிவு செய்யவில்லை.

போன அன்று ராத்திரி அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துப் போட்டார். நான்கு பத்தி: தேதி, வெப்பம், உதை, குறிப்பு. திண்ணைத் தூணில் பள்ளிக்கூட வெப்பமானி ஒன்று தொங்குகிறது. நவம்பர் 8-லிருந்து நாற்பத்தோரு காலை. "17 டிகிரி, 3 உதை." "14 டிகிரி, 4 உதை, சாரல்." "12 டிகிரி, 15 உதை." "11 டிகிரி, 19 உதை, பாப்பாவுக்கு பஸ் போயிருச்சு." சில உதை எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. அது என்ன என்று கேட்டேன். "அது வேற கணக்கு" என்றார்.

பதினைந்து வருடத் தொழிலில் நான் பார்த்த எந்த லாகும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

வேலைக்குள் போவதற்கு முன் குளிர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் இல்லாத தலைமுறை ஒன்று வந்துவிட்டது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 விதிகள் வந்ததும் புது பைக்குகளிலிருந்து அது அநேகமாக ஒழிந்தது. திரவ பெட்ரோல் எரியாது, அதன் ஆவிதான் எரியும். ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்கிற விகிதத்தில் ஆவியும் காற்றும் கலக்கவேண்டும். இதைச் செய்கிற சின்னப் பித்தளை-அலுமினியச் சமாச்சாரம்தான் கார்புரேட்டர். நம் வீடுகளில் முன்பு இருந்த, கையால் தள்ளிக் கொசு மருந்து அடிக்கும் ஃபிளிட் பம்ப் தெரியுமா? குழாயின் வாய்மேல் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும், கீழே இருக்கும் மருந்து தானாக மேலேறித் தூவலாகச் சிதறும். அதேதான் இதுவும். குறுகலான இடத்தில் வேகம் கூடி அழுத்தம் குறைவதைச் சொன்ன இத்தாலிக்காரர் வென்சூரியின் பெயரையே அந்தக் குறுகலுக்கு வைத்திருக்கிறார்கள். வில்ஹெல்ம் மைபாக் தூவல் வகைக் கார்புரேட்டரை உருவாக்கியது 1893 வாக்கில். அதே வருடம் ஹங்கேரியில் பாங்கியும் சோன்காவும் தனியாக ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார்கள். அந்த யோசனை நூறு வருடத்துக்கு மேல் பெரிதாக மாறாமல் ஓடியது.

குளிர் காலையில் இதற்கு இரண்டு அடி விழுகிறது. பெட்ரோல் என்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. குளிரில் அதில் லேசானவை மட்டும்தான் ஆவியாகும், மிச்சமெல்லாம் குளிர்ந்த உலோகச் சுவரில் வியர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிளக் அருகே போய்ச் சேரும் ஆவி போதாது. இரண்டாவது, காலால் உதைக்கும்போது பிஸ்டன் மெதுவாகத்தான் நகரும், காற்று மெதுவாகத்தான் வரும், ஃபிளிட் பம்பை மெல்லத் தள்ளினால் மருந்து வராதது போல பெட்ரோல் சரியாக ஏறாது. அதனால்தான் சோக். காற்று வரும் வழியை ஒரு தகடு அடைக்கும், எஞ்சின் காற்றை இழுக்க முடியாமல் பெட்ரோலை இழுக்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு மூன்று வேளைக்கான அரிசியைக் கொட்டுவது மாதிரிதான். எஞ்சின் சூடானதும் சோக்கைத் தள்ளாவிட்டால் மூச்சு முட்டி நிற்கும். புது வண்டிகளில் எஞ்சின் சூட்டையும் காற்றழுத்தத்தையும் சென்சார்கள் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. பழைய வண்டியில் அந்த நிரல் அப்பாவின் இடது கை விரலில் இருக்கிறது.

மலை இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. நாமக்கல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர். கொல்லிமலையின் ஊர்கள் 1000 முதல் 1300 மீட்டர். மேலே வரும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே டியூன் செய்த கார்புரேட்டர் மேலே வந்ததும் காற்றுக்குப் பொருந்தாத அளவு பெட்ரோலைக் கொடுக்கும். கறுத்த பிளக், கொஞ்சம் புகை. மலை பெட்ரோலை அதிகமாக்குகிறது, குளிர் அதைக் குறைக்கிறது. இரண்டு நாளிதழ்களில் இரண்டு விதமாக ஒரே செய்தியைப் படிப்பது மாதிரி, எதை நம்புவது என்று தெரியாது. போதாததற்குப் பெட்ரோலே மாறிவிட்டது. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் தேவை. அது தண்ணீரையும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அப்பாவின் வண்டி பிறந்தபோது அதன் ஜெட்டுகளை யாரும் இந்தத் திரவத்தை நினைத்துத் துளையிடவில்லை.

சந்தேகத்துக்குரியவர்கள் நிறைய. அப்பா ஒரு விதி போட்டார்: ஒரு காலைக்கு ஒரு மாற்றம்தான். "ரெண்டை ஒண்ணா மாத்துனா எதால சரியாச்சுன்னு எப்படிரா தெரியும்?" ஒரு நாளைக்கு ஒரே ஒரு குளிர்ந்த ஸ்டார்ட்தான் கிடைக்கும். வீணாக்கினால் மறுநாள் விடியும்வரை காத்திருக்கவேண்டும். எங்கள் ஆபீஸில் ஒரு சோதனையை நிமிடத்துக்குப் பத்துத் தடவை ஓட்டுவோம், அதனால்தான் யாரும் யோசிப்பதில்லை.

முதல் காலை கரண்ட். வெளிச்சம் வரும் முன்பே, பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, கேப்பில் செருகி, எஞ்சின் தலையில் அதன் உலோகம் படுகிற மாதிரி வைத்தோம். நான் உதைத்தேன். இருட்டில் அந்தப் பொறியைப் பார்க்கவேண்டும். நீலமாக, தடிமனாக, 'டிக்' என்ற சத்தத்தோடு. சிடி 100 ஸ்டார்ட் ஆக பேட்டரியே வேண்டாம், காந்தச் சக்கரம் சுற்றுவதிலேயே பிளக்குக்குக் கரண்ட் வந்துவிடும். அங்கே குறையில்லை.

இரண்டாம் காலை, பன்னிரண்டு உதைக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாமலே பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தோம். சோக் முழுசாகப் போட்டுப் பன்னிரண்டு உதை உதைத்தால் பிளக் பெட்ரோலில் ஊறி நனைந்திருக்கவேண்டும். அது அநேகமாகக் காய்ந்திருந்தது. இது பெரிய செய்தி. நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது கரண்ட் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவே இல்லை, அல்லது காற்று எங்கிருந்தோ அதிகமாக வருகிறது. மலை உயரம் அன்றைக்கே குற்றவாளிப் பட்டியலிலிருந்து விடுதலை ஆனது.

மூன்றாம் காலை கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி உள்ளேயிருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தோம். அடியில் மிளகு அளவு இரண்டு தண்ணீர் முத்து. பாதி காலியான டேங்க், மலை மூடுபனி, தண்ணீர் குடிக்கும் எத்தனால், மூன்றும் சேர்ந்தால் வரத்தான் செய்யும். வடித்துவிட்டு, டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினோம். ஸ்லோ ஜெட்டின் ஊசித் துளையை வயரிலிருந்து உருவிய ஒற்றைத் தாமிர இழையால் துழாவினோம். இரும்புக் கம்பி கூடாது, துளை பெரிதாகிவிடும். மறுநாள் 12 டிகிரி, 11 உதை. கொஞ்சம் தேவலை. ஆனால் குற்றவாளி இன்னும் உள்ளே இருந்தான்.

அன்று மதியம் ஒரு மீட்டிங்குக்கு நடுவில் அப்பாவின் நோட்டை எக்செல்லில் ஏற்றி வரைபடம் போட்டுப் பார்த்தேன். குளிர் கூடக்கூட உதை சீராகக் கூடியிருந்தால் சாய்வான கோடு வந்திருக்கும். பெட்ரோல் ஆவியாவது மட்டும்தான் பிரச்சினை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. வந்தது படி. 14 டிகிரி வரை மூன்று, நான்கு. 13-க்குக் கீழே போனதும் சட்டென்று பன்னிரண்டு, பதினைந்து. ஏதோ ஒன்று அந்த இடத்தில் கையை விடுகிறது. இன்னொன்று, இரண்டு தேதிகளில் "சுடுதண்ணித் துணி, 3 உதை" என்று குறிப்பு. சுடுதண்ணீரில் நனைத்த துணியைக் கார்புரேட்டரைச் சுற்றிக் கட்டுவது பழைய டிரைவர்களின் வைத்தியம். துணி பெட்ரோலைச் சூடாக்கியதா, வேறு எதையாவது சூடாக்கியதா?

அப்பா நோட்டை மூடிவிட்டு, "ராக்கெட்டு வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை, நான் பிறக்கவில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், அன்றைய காலைக் குளிரில் விறைத்துப்போயிருந்தது. அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய ராத்திரியே வேண்டாம் என்று வாதாடியிருந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், எல்லார் முன்னாலும் அந்த ரப்பர்த் துண்டை ஒரு கிளாம்பில் இறுக்கி ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்துக் காட்டினார். கிளாம்பைத் தளர்த்தியதும் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. அப்பா இதைப் பத்தாம் வகுப்பில் வருடாவருடம் நடத்திக் காட்டுவாராம். மலையில் ஐஸுக்கு வழியில்லாத வருடங்களில் கதையாக மட்டும்.

அவ்வளவு பெரிய துயரத்தை ஒரு 97 சிசி எஞ்சினோடு சேர்த்துப் பேசுவது அபத்தம்தான். ஆனால் இரண்டிலும் ரப்பர் ஒன்றுதான். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சூடு கடத்தாத ஒரு கறுப்புக் கட்டை இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஓ-ரிங். அது அடைக்காவிட்டால் எஞ்சின் சோக்கைத் தாண்டி, பக்கவாட்டில் திருட்டுத்தனமாகக் காற்றை இழுக்கும். கடைக்காரர்கள் இதை "ஏர் எடுக்குது" என்பார்கள். சோக் முன்வாசலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கொல்லைப்புறம் திறந்திருக்கிறது. வண்டி ஓடிக் கட்டை சூடானதும் ரப்பர் இளகி அடைத்துக்கொள்ளும். பிறகு நாள் முழுக்க ஒரே உதை. நாமக்கல் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாக இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தவர்கள் மூன்று முறையும் பழைய ரிங்கையே திரும்பப் போட்டிருந்தார்கள்.

ஆனால் இதுவும் ஊகம்தான். சுடுதண்ணித் துணி இரண்டு கதைக்கும் ஒத்துப்போகிறது. இரண்டையும் பிரிக்க, எதையும் சூடாக்காமல் ஓட்டையை மட்டும் அடைக்கவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு அந்த இணைப்பைச் சுற்றி வெளியிலிருந்தே கெட்டிக் கிரீஸை மொத்தமாக அப்பினோம், தோசை மாவு ஓட்டை அடைக்கிற மாதிரி. காலையில் 11 டிகிரி. அந்தக் குளிர்காலத்தின் மிகக் குறைந்த அளவு. நான் உதைத்தேன்.

மூன்று.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் எழுதிவிட்டு, கிரீஸைத் துடைத்தெடுக்கச் சொன்னார். மறுநாள் கிரீஸ் இல்லாமல், அதே 11 டிகிரி: பதினாறு. "இப்பத்தான் நிரூபணம்" என்றார். சரியானதைத் திரும்பவும் கெடுத்துப் பார்க்கிற இந்தப் பொறுமை எனக்குத் தெரிந்த சீனியர் இன்ஜினியர்களில் பாதிப் பேருக்குக் கிடையாது.

கழற்றிப் பார்த்தபோது ரிங் வட்டமாகவே இல்லை. தட்டையாகி, நகத்தால் கீறினால் பிளாஸ்டிக் மாதிரி சத்தம் கேட்டது. வயசா, எத்தனாலா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு புது ஓ-ரிங், சேந்தமங்கலத்தில் ஒரு ஸ்பேர் கடையில், முப்பது ரூபாய். ஓரிக்கு ஓ-ரிங் என்று அப்பா இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மிக்சர் ஸ்க்ரூவை மலையிலேயே, எஞ்சின் சூடான பிறகு, திருகித் திருகிக் காதால் கேட்டு வைத்தோம். அதற்கப்புறம் இரண்டு உதை, சில நாள் ஒன்று.

அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆக, இனி அவர் இறங்கவே மாட்டாரு" என்றாள்.

மிச்சமிருந்தது சிவப்புப் புள்ளி. நாற்பத்தோரு நாளில் ஒன்பது புள்ளி. எக்செல்லில் அதற்கும் ஒரு பத்தி போட்டு மூடுபனி, பெட்ரோல் போட்ட நாள், முந்தைய நாள் ஓடாமல் கிடந்தது என்று எதோடெல்லாமோ பொருத்திப் பார்த்தேன். எதோடும் ஒட்டவில்லை. உதை அதிகமான நாளில்தான் வந்தது, ஆனால் அதிகமான எல்லா நாளிலும் இல்லை. இரண்டு புள்ளி வெறும் ஆறு உதைக்கே விழுந்திருந்தது. அவையிரண்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் செம்மேட்டில் விடுவது என் வேலையாக இருந்தது. போகிற வழியில் பின்னாலிருந்து, வண்டி இப்போது நன்றாக எடுக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, "முன்னெல்லாம் சார் உதைச்சு உதைச்சு, நடுவுல திண்ணையில போயி உக்காந்துருவாருங்ணா. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு. நான் தண்ணி கொண்டாந்து குடுப்பேன். யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லிட்டாருங்ணா" என்றாள். வண்டி இருபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஏறும்வரை நான் வேறெதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்து நோட்டை எடுத்து வைத்தேன். அப்பா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"புள்ளி போட்ட அன்னிக்கெல்லாம் உக்காந்தீங்களாப்பா?"

"ஒரு பிடிப்புடா. தாடை வரைக்கும் வரும். அஞ்சு நிமிசத்துல போயிரும்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"போன மாசம் சேலம் போனேன். ஈசிஜி எடுத்தாங்க. சுத்தமா இருக்குன்னாங்க." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "அங்க போயிச் சேர்றப்ப மத்தியானம் ஆயிருதுல்ல" என்றார்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈசிஜி, வலி இல்லாத நேரத்தில், சுத்தமாக இருக்க முடியும். இதயத் தமனியில் அடைப்பு இருந்தாலும். இது மருத்துவர்களுக்குத் தெரியாததில்லை. நோயாளி வாயைத் திறந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் சேலம் போனோம். அப்பா சட்டைக்குள் நோட்டை வைத்திருந்தார். டாக்டர் இளைஞர், என் வயதுதான் இருக்கும். முதலில் ஈசிஜியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் நோட்டை நீட்டினேன். மரியாதைக்கு வாங்கியவர் இரண்டாவது பக்கத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இது என்னங்க சார், டெம்பரேச்சரா?"

"ஆமாங்க. திண்ணையில, அஞ்சு இருவதுக்கு எடுத்தது."

"இந்த ஆறு?"

"உதை."

"முன்னாடி பதினாலு உதைக்கு வந்த வலி, கடைசியில ஆறு உதைக்கே வந்துருக்கு. சரிங்களா?"

அப்பா வகுப்பில் ஒரு பையன் சரியான விடை சொல்லும்போது பார்ப்பது போல அவரைப் பார்த்தார். குறைந்த உழைப்புக்கே வலி வர ஆரம்பிப்பது கெட்ட அறிகுறி என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார். டிரெட்மில் சோதனைகூட வேண்டாம், நேராக ஆஞ்சியோ பார்த்துவிடலாம் என்றார். பழைய ஸ்டென்ட் நன்றாக இருந்தது. இன்னொரு தமனியில் புதிதாக அடைப்பு. ஜனவரி முதல் வாரத்தில் இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள். கையெழுத்துப் போடும்போது அக்கா என் கையைக் கிள்ளினாள், எதற்கென்று கேட்கவில்லை.

இப்போது அப்பா ஈரோட்டில், அக்கா வீட்டு மாடியில் இருக்கிறார். பங்குனி வெயில் வந்த பிறகு மலைக்குப் போவதைப் பற்றிப் பேசலாம் என்பது ஒப்பந்தம். வாடகை மட்டும் மாதாமாதம் போகிறது. வண்டி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம். லைசென்ஸ் எடுத்துவிட்டாள், காலையில் செம்மேட்டில் நிறுத்திவிட்டு பஸ் ஏறுகிறாள். தினமும் ஐந்தே முக்காலுக்கு அப்பாவின் போனில் வாட்ஸாப் வரும். நேற்று வந்தது: "12 டிகிரி. 2 உதை. பனி இல்லை சார்." அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அதை நோட்டில் எழுதிவிட்டு, ஒற்றை விரலால் பதில் தட்டினார். சோக்கை எந்த வளைவில் தள்ளினாய் என்று கேட்டிருந்தார்.